பழைய காருக்கு இன்னொரு காரின் என்ஜின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விடுமுறை நாள்களில் நானே சீர்செய்து வரும் முப்பத்தைந்து ஆண்டுப் பழைய கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் என்ஜின் பிளாக்கில் விரிசல் விழுந்துவிட்டதால், ஏற்கெனவே ஓடிய என்ஜின் ஒன்றை வாங்கிப் பொருத்த நினைக்கிறேன். விற்பவர், 'வண்டியிலிருந்து இறக்கும்போது நன்றாகத்தான் ஓடியது' என்கிறார். தரையில் கிடக்கும் என்ஜினைப் பார்த்து, அது தேறுமா தேறாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் இறக்கி எத்தனை மாதம் ஆயிற்று, அதுவரை அது எங்கே கிடந்தது என்பதை அந்த வாக்கியம் சொல்வதில்லை. ஓடும்போது நன்றாக இருந்த என்ஜின்கூட, கார்புரேட்டரைக் கழற்றிய வாயையோ ஸ்பார்க் பிளக் துளையையோ மூடாமல் மழையில் போட்டுவைத்தால் ஒரே பருவத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். எனவே, இன்னும் வண்டியிலேயே இருந்து ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின் கிடைக்குமானால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். பார்க்கப் போகும்போது, முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனவுடன் பிளாக்கின்மேல் கையை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் தளர்ந்த வால்வு சீலும் விடும் நீலப் புகை, மெயின் பேரிங்கின் கனத்த தட்டல் ஆகியவை எல்லாம் குளிர்ந்த என்ஜினின் முதல் அரை நிமிடத்தில்தான் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

தரையில் கிடப்பதைத்தான் வாங்க வேண்டும் என்றால், முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். பிறகு கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீண்ட கைப்பிடியுள்ள சாக்கெட் ஸ்பேனரை மாட்டி, என்ஜின் சுழலும் திசையிலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூட இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி, தேவைப்படும் என்பதால் ஒரு சுற்றோடு நிறுத்திவிடக் கூடாது. எங்காவது முட்டி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள். கிராங்கையும் வால்வுகளையும் இசைவாக ஓட்டும் டைமிங் பெல்ட் பல் மாறியிருந்தால் பிஸ்டன் வால்வில் முட்டி நிற்கக்கூடும். அந்த நிலையில் கைப்பிடிக்கு இரும்புக் குழாயைச் செருகி நெம்பினால், வால்வு வளைவது நீங்கள் வாங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பலகையில் வையுங்கள். எல்லாம் ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஆயில் ஏறுகிறது. ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல வெளுத்துப் பளிச்சென்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். ரேடியேட்டர் நீர் கசிந்து ஆவியாகி அந்தப் பிளக்கைக் கழுவியிருக்கலாம் என்பதால், பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, ஆயில் ஃபில்டர். விற்பவர் சம்மதித்தால் அதைக் கழற்றி, தகரத்தை வெட்டித் திறந்து பாருங்கள். ஹேக்சா பிளேடால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும் என்பதால், ஃபில்டர் வெட்டும் கருவியைப் பயன்படுத்துவது நல்லது. உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளைப் பிழிந்து வெள்ளைத் துணியின்மேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஓரிரு மினுக்கம் எந்தப் பழைய என்ஜினிலும் இருக்கும். மணல் தூவியதுபோல மின்னினால் பேரிங் உதிர்கிறது. அந்த மினுக்கம் செம்பு நிறமாகத் தெரிந்தால், பேரிங்கின் மேல்பூச்சு முழுவதும் தேய்ந்து உள்ளடுக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். அந்த என்ஜினை, கிராங்க் ஷாஃப்டைக் கடைந்து புதிய பேரிங் போடும் எண்ணம் இருந்தாலொழிய வாங்காதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற படலம், குறுகிய தூரமே ஓடிய வண்டியில் நீராவி படிந்ததாலும் வரும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால் கலந்ததுபோல இருந்தால்தான் நீர் உள்ளே போயிருக்கிறது.

கியர்பாக்ஸும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் சேர்ந்தே இருந்தால், தரையிலேயே பேட்டரி கொடுத்துக் கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, அளந்துவிடலாம். எல்லாப் பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், திராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்தாறு முறை, அழுத்தம் ஏற விட வேண்டும். பெட்ரோல் என்ஜினில் 10 முதல் 13 பார் வரை வருவது வழக்கம்; குளிர்ந்த என்ஜினில் சற்றுக் குறைவாகவே காட்டும். ஆகவே எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அது பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் ஊற்றி மறுபடி அளந்து, அழுத்தம் ஏறினால் ரிங்கையும், ஏறாவிட்டால் வால்வையோ கேஸ்கெட்டையோ சந்தேகியுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு இடையிலுள்ள கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அதே நிறுவனம், அதே சிசி, ஆனால் பத்து ஆண்டு பிந்திய என்ஜின். இறக்கி ஏற்றினால் அப்படியே உட்கார்ந்துவிடும் என்கிறார்கள். உண்மைதானா?

பதில்: 'அப்படியே உட்காரும்' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. உலகிலேயே அதிகமாக மாற்றிப் பொருத்தப்பட்ட என்ஜின்களில் ஒன்றான செவ்ரலே ஸ்மால் பிளாக் வி8-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1955-இல் 265 கன அங்குல அளவில் வந்த அந்த என்ஜினில், கியர்பாக்ஸின் முன்கூடான பெல் ஹவுசிங்கை மாட்டும் துளைகள் பல பத்தாண்டுகள் மாறவே இல்லை; அதனால்தான் அது எல்லார் கைக்கும் பழகியது. ஆனால் 1986-இல் பின்புற ஆயில் சீல் இரு துண்டிலிருந்து ஒரே வளையமாக மாறியபோது, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையும் அதில் பிளைவீல் பொருந்தும் போல்ட் வட்டமும் மாறிவிட்டன. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பிபோல இருக்கும் இரண்டு என்ஜின்களில் ஒன்றின் பிளைவீல் மற்றொன்றில் ஏறாது. அது மட்டுமல்ல, அந்தக் குடும்பத்தின் 400 கன அங்குல என்ஜினுக்குச் சமநிலை எடையின் ஒரு பகுதி பிளைவீலிலும் அதிர்வைத் தணிக்கும் முன்புற டாம்பரிலும் இருப்பதால், அவற்றை விட்டுவிட்டு வேறு பிளைவீல் போட்டால் என்ஜின் தாங்க முடியாத அளவுக்கு அதிரும். துளைகள் பொருந்துவது வேறு, என்ஜின் பொருந்துவது வேறு.

ஆகவே பழைய என்ஜினை வெளியே எடுத்து, வாங்கி வந்த என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரே திசையில் வைத்து, முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு மாலை முழுவதும் ஒப்பிட்டுப் பாருங்கள். மவுண்டிங் பிராக்கெட்டின் இடம், அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் குழி முன்பக்கமா பின்பக்கமா, டிப்ஸ்டிக் எந்தப் பக்கம் வருகிறது, மேனிஃபோல்டு ஸ்டீயரிங் தண்டில் இடிக்குமா, பிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்கள் எத்தனை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பற்களை எண்ணுவது சலிப்பான வேலைதான். ஆனால் எண்ணாமல் விட்டால் ஸ்டார்ட்டர் கரகரவென்று அரைக்கும்போது முழு என்ஜினையும் மறுபடி இறக்க வேண்டியிருக்கும். சம்ப் முன்குறுக்குச் சட்டத்தில் இடித்தால் பழைய சம்ப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அத்துடன் ஆயிலை உறிஞ்சும் குழாயையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்தக் குழாயின் வாயில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டி, சம்ப்பைக் கேஸ்கெட்டோடு ஒருமுறை வைத்து அழுத்தி எடுத்து, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்து பாருங்கள். அது ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. குறைந்தால் வாய் அடைபடும். மிகுந்தால் வளைவில் திரும்பும்போது ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

என்ஜின் வெளியே இருக்கும்போதே செய்துவிட வேண்டிய வேலைகளில் யாரும் பெரிதாக எண்ணாதது, பின்புற ஆயில் சீலும், கியர்பாக்ஸுக்குப் பின்னால் மறையும் பிளாக்கின் தகர மூடிகளும்தான். கைப்பிடி அளவுகூட இல்லாத இந்தப் பொருள்கள் பிறகு கசிந்தால், கியர்பாக்ஸைக் கழற்றாமல் அவற்றைத் தொடவே முடியாது. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஆகியவற்றையும், என்ஜின் எவ்வளவு ஓடியது என்று விற்றவர் சொன்னதைப் பொருட்படுத்தாமல், மாற்றிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் பழைய என்ஜினையும் அதைச் சுற்றியிருந்தவற்றையும், புதிய ஏற்பாடு சில மாதம் ஓடும்வரை எடைக்குப் போடாதீர்கள். தேவைப்படும் அந்த ஒற்றைப் பிராக்கெட் எப்போதும் அதில்தான் இருக்கும்.

கேள்வி: என் கார் மேனுவல் கியர். வாங்கிய என்ஜின் ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்தது. புதிய கிளட்ச் போட்டு கியர்பாக்ஸை இணைக்கும்போது கடைசி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மூடவே மாட்டேன் என்கிறது. பெல் ஹவுசிங் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கி இழுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து ஸ்பேனரைக் கீழே வையுங்கள். எல்லாம் நேராக இருந்தால் கியர்பாக்ஸ் கையால் தள்ளியே பெல் ஹவுசிங் பிளாக்கில் போய் ஒட்ட வேண்டும். போல்ட்டுகள் அதைப் பிடித்து வைப்பதற்கு மட்டுமே. முறுக்கி இழுத்தால் அலுமினிய ஹவுசிங்கின் காது உடையும், அல்லது கிளட்ச் பிளேட்டின் நடு வளையம் வளையும்.

கிளட்ச் பிளேட் நடுவில் நிற்காதது இதற்கு வழக்கமான காரணம். ஆனால் அப்படியிருந்தால் பெரும்பாலும் இதைவிட அதிக இடைவெளி இருக்கும்போதே ஷாஃப்ட் முட்டிவிடும். நீங்கள் சொல்லும் கடைசி ஒரு சென்டிமீட்டரும், என்ஜின் ஆட்டோமேட்டிக் வண்டியுடையது என்ற தகவலும் சேர்ந்து வேறொன்றைக் காட்டுகின்றன. மேனுவல் வண்டிகள் பலவற்றில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனி, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையிலுள்ள குழியில் பைலட் பேரிங்குக்குள் போய் அமரும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கான என்ஜினில் அந்தப் பேரிங் போடப்பட்டிருக்காது. சிலவற்றில் குழியே முழு ஆழத்துக்குக் கடையப்பட்டிருக்காது. இன்னும் சிலவற்றில், ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கான வளையம் அந்தக் குழியில் மாட்டிக்கொண்டிருக்கும். கியர்பாக்ஸை மறுபடி பின்னுக்கு இழுத்து, குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, ஷாஃப்டின் நுனியோடு ஒப்பிடுங்கள். வளையம் இருந்தால் எடுத்துவிட்டுச் சரியான பேரிங்கைப் போடலாம். குழியே ஆழமில்லை என்றால், கடைசல் பட்டறையில் கேட்டு, ஷாஃப்டின் நுனியைக் குறைப்பதா வேறு அளவுப் பேரிங் போடுவதா என்று முடிவுசெய்ய வேண்டும். திறந்திருக்கும்போதே, கிளட்ச் பிளேட்டில் பிளைவீல் பக்கம் என்று குறித்திருக்கும் முகம் பிளைவீலைப் பார்த்துத்தான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். திருப்பிப் போடுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான்.

கேள்வி: என்ஜினைப் பொருத்தி முடித்து முதன்முறை சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மிக மெதுவாகச் சுற்றியது. அடுத்த நொடி, டாஷ்போர்டிலுள்ள சோக் கம்பியிலிருந்து புகை வந்தது. பேட்டரி புதியது. பயந்து நிறுத்திவிட்டேன்.

பதில்: நிறுத்தியது நல்ல காரியம். இதே புகையை என் சொந்த வண்டியிலேயே நான் பார்த்திருக்கிறேன். சோக் கம்பியின் பிளாஸ்டிக் உறை உருகி என் விரலில் ஒட்டிக்கொண்ட தழும்பு வெகுநாள் இருந்தது. என்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையை நீங்கள் மாட்ட மறந்திருக்கிறீர்கள், அல்லது பெயிண்ட் பூசிய பரப்பின்மேல் மாட்டியிருக்கிறீர்கள்.

என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின்மேல் உட்கார்ந்திருப்பதால், பாடியிலிருந்து மின்சாரத்தைப் பொறுத்தவரை தனித்து நிற்கிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனையோ பாடியில் இருக்கிறது. ஸ்டார்ட்டர் இழுப்பது நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டம். அது திரும்பிப் போகத் தடித்த பட்டை இல்லாவிட்டால், என்ஜினையும் பாடியையும் இணைக்கும் வேறெந்த இரும்பையும் தேடிப் போகும். அப்படிக் கிடைப்பது மெல்லிய சோக் கம்பியும் ஆக்சிலரேட்டர் கம்பியும்தான். ஹீட்டரின் சுருள்போல அவை பழுக்கக் காய்ந்துவிடும். பட்டை பொருந்தும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் பளபளவென்று சுரண்டிவிட்டு, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிறகு வோல்ட் மீட்டரின் ஒரு முனையை என்ஜின் பிளாக்கிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்ற விட்டுப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைப்பு இன்னும் சரியில்லை. வெந்த இரு கம்பிகளையும் மாற்றிவிடுங்கள். குறிப்பாக, உள்ளே இளகிய ஆக்சிலரேட்டர் கம்பி ஒருநாள் அழுத்திய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும்.

கேள்வி: கார்புரேட்டர் காலத்துக் காரில் ஃபியூயல் இன்ஜெக்ஷன் என்ஜினைப் போட விரும்புகிறேன். என்ஜின் கைவசம் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசியுவைத் தனியாகத் தேடி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: தனியாகத் தேடினால் கிடைக்கும், ஆனால் அது பேசாது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டிகளில் இசியு, சாவிக்குள் இருக்கும் சிப், இம்மொபிலைசர் பெட்டி ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் என்ஜின் ஓடும். அதனால் ஒரே வண்டியிலிருந்து அவை மூன்றையும், வெட்டாத முழு வயரிங்கையும், ஃபியூஸ் பெட்டியையும், எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரையும் சேர்த்து எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஓடும் நிலையிலுள்ள இடிபட்ட வண்டி ஒன்றை முழுதாக வாங்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதே கடைசியில் மலிவாக முடியும்.

பெட்ரோல் வரும் வழியை முழுவதும் மாற்ற வேண்டியிருக்கும். கார்புரேட்டருக்கு 0.2 முதல் 0.4 பார் அழுத்தம் போதும். இன்ஜெக்ஷனுக்கு ஏறத்தாழ 3 பார் தேவை. பழைய ரப்பர் ஹோஸும் சாதாரண கிளிப்பும் அந்த அழுத்தத்தில் பிளந்து, சூடான மேனிஃபோல்டின்மேல் பெட்ரோலைப் பீய்ச்சும். உயரழுத்த ஹோஸ், அதற்குரிய கிளிப், டாங்குக்குத் திரும்பிச் செல்லும் குழாய் ஆகிய மூன்றிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். பழைய டாங்கில் தடுப்புத் தகடு இல்லாததால், பெட்ரோல் குறைந்திருக்கும்போது வளைவில் பம்ப் காற்றை இழுக்கும். அதற்கு இடையில் ஒரு சிறு சேமிப்புக் குடுவை வைத்துக்கொள்ளலாம். கிராங்க் சென்சார் படிக்கும் பல் வளையம் சில என்ஜின்களில் பிளைவீலிலேயே இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பழைய பிளைவீலை அதில் மாட்டினால், ஸ்டார்ட்டர் நாளெல்லாம் சுற்றினாலும் பிளக்கில் ஒரு பொறிகூட வராது. இவ்வளவும் மலைப்பாக இருந்தால், அதே என்ஜினுக்குக் கார்புரேட்டர் வகை மேனிஃபோல்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: பல மாதம் சும்மா கிடந்த என்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஆயில், பேரிங்குகளைச் சென்றடைவதற்கு முன் என்ஜின் ஓடக் கூடாது. புதிய ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, கையால் சில சுற்று சுற்றுங்கள். பிறகு இக்னிஷன் இணைப்பையும் பெட்ரோல் வரத்தையும் துண்டித்துவிட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாக, இடையில் ஆறவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். அதற்குப் பிறகே பிளக்கை மாட்ட வேண்டும். ஓடத் தொடங்கியதும் சில நொடிகளுக்குள் ஆயில் அழுத்தம் தெரியாவிட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். ரேடியேட்டரை நிரப்பும்போது வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்தால் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஊறிக் கரைந்த பழைய கசடு முதல் சில மணி நேர ஓட்டத்தில் ஆயிலில் கலந்துவிடும் என்பதால், அந்த ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை முதல் பதிலில் சொன்னபடி வெட்டிப் பாருங்கள்.

கேள்வி: மாற்றுவதே மாற்றுகிறோம், இரண்டு மடங்கு சக்தியுள்ள என்ஜினைப் போட்டால் என்ன? பதிவு விஷயத்தில் சிக்கல் வருமா?

பதில்: சக்தியைவிட எடையை முதலில் கேளுங்கள். 1973-இல் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் அதைத் தயாரித்த நிறுவனமே 3528 சிசி ரோவர் வி8 என்ஜினைப் பொருத்தி விற்க முடிந்ததற்குக் காரணம், அலுமினியத்தாலான அந்த எட்டுச் சிலிண்டர் என்ஜின், அதுவரை இருந்த வார்ப்பிரும்பு நான்கு சிலிண்டர் என்ஜினைவிடக் கனமாக இல்லை என்பதுதான். அந்த வசதி எல்லா ஜோடிக்கும் வாய்க்காது. முன்பக்கம் நாற்பது ஐம்பது கிலோ கூடினாலே ஸ்பிரிங் தாழும், ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். பிரேக்கை மாற்றும் திட்டம் இல்லையென்றால் பெரிய என்ஜின் திட்டத்தையும் விட்டுவிடுங்கள்.

பதிவு விதிகள் ஊருக்கு ஊர் வேறுபடுவதால், என்ஜினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவரின் ரசீதில் என்ஜின் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணும் பிளாக்கில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்று நீங்களே நேரில் பாருங்கள். எண்ணின்மேல் அழுக்கு மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். கிரைண்டரையோ கம்பிப் பிரஷ்ஷையோ அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தேய்ந்த எண்ணைப் பார்க்கும் அதிகாரிக்கு, அழுக்கெடுத்ததற்கும் எண்ணை அழித்ததற்கும் வித்தியாசம் தெரியாது.